சாத்தன், சாத்தான், எல்ஃப்

பல்லாவரத்தில் அப்போது பட்டாளத்தின் அணிவகுப்பு மைதானம் இருந்தது. அதை ஒட்டிச் சரளைக்காக வெட்டிய குழி ஒன்று. 1863 மே 30 அன்று அந்தக் குழியின் செம்புரைக்கல் சரளையிலிருந்து 28 வயது நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். பார்த்தால் வெறும் கல். ஆனால் அதன் பக்கங்களை யாரோ வேண்டுமென்றே தட்டிச் செதுக்கியிருந்தது ஃபூட்டுக்குத் தெரிந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அது பல்லாவரத்தில் நிஜமாகவே நடந்தது.

ஃபூட் பிறந்த தீவிலேயே சில தலைமுறைகளுக்கு முன்பு இப்படிச் செதுக்கிய கல் வயலில் கிடைத்தால் விளக்கம் வேறாக இருந்திருக்கும். ஸ்காட்லாந்து உழவர்கள் அந்தச் சின்னக் கல் அம்புமுனைகளை எல்ஃப் அம்பு என்றார்கள். எல்ஃப் என்பது வட ஐரோப்பியக் கதைகளில் வரும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இனம். குன்றுக்குள்ளும் காட்டுக்குள்ளும் குடியிருக்கும். பிடித்தவர்களுக்கு உதவும், பிடிக்காதவர்களுடைய மாட்டை நோயில் தள்ளும். மாடு திடீரென்று சுருண்டு விழுந்தால் எல்ஃப் எய்த அம்பு பட்டுவிட்டது என்று பொருள். 1662-ல் சூனியக்காரி என்று விசாரிக்கப்பட்ட இசபெல் கவ்டி என்ற ஸ்காட்லாந்துப் பெண், எல்ஃப் சிறுவர்கள் அந்த அம்புமுனைகளைச் செதுக்குவதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தாள். வயலில் கிடைத்த முனைகளுக்கு வெள்ளிப்பூண் கட்டித் தாயத்தாக அணிந்தவர்களும் உண்டு. மனிதன் செதுக்கிய கற்கருவிகள் எண்ணிப்பார்க்க முடியாத அளவுக்குப் பழமையானவையாக இருக்க முடியும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் திட்டவட்டமாக ஒப்புக்கொண்டது 1859 வாக்கில்தான். அந்தச் செய்தி சூடு ஆறுவதற்குள் ஃபூட் பல்லாவரத்தில் குனிந்துவிட்டார்.

நம் பக்கத்திலும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. பல்லாவரம், திரிசூலம், குன்றத்தூர், வண்டலூர் என்று சென்னையின் தென்புறநகர் முழுவதும் குன்றுகள். குன்றடிவாரமெல்லாம் இரும்புக்காலத்து ஈமக்காடுகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்வட்டங்கள் செறிந்து கிடப்பதைப் போல வேறெங்கும் கிடப்பது அரிது. பல்லாவரத்துக் குன்றுப்பகுதியில் 1880-களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். இந்தக் கல்வட்டங்களையும், பலகைக் கற்களால் அறைபோல் அமைத்த கற்பதுக்கைகளையும் யார் கட்டினார்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டால், பாண்டவர்கள் வனவாசத்தில் கட்டியது என்பார்கள். பாண்டவர் குழி என்ற பெயர் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. வேறு சிலர் குள்ளர் வீடு என்பார்கள். முழங்கால் உயரத்து வாசலைப் பார்த்த மனத்தில், அதற்குள் புழங்க முழங்கால் உயரத்து மனிதர்கள்தான் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எழுவது இயல்புதானே. கர்நாடகத்தின் ஹிரே பெணகல் குன்றில் நூற்றுக்கணக்கில் நிற்கும் கற்பதுக்கைகளை மோரியர் என்ற குள்ள இனத்தார் கட்டினார்கள் என்று அந்த வட்டாரம் இன்றும் கதை சொல்கிறது. புதைந்த பழமையை ஐரோப்பா எல்ஃபின் கணக்கில் எழுதியது. இங்கே அது பாண்டவர் கணக்கிலும் குள்ளர் கணக்கிலும் ஏறியது.

குள்ளரை விட எல்ஃபுக்கு நெருங்கிய சொந்தக்காரன் தமிழில் ஒருவன் உண்டு. அவன் பெயர் சாத்தன்.

சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் சாத்தன் என்பது மதிப்பான பெயர். மணிமேகலையை இயற்றியவரே சீத்தலைச் சாத்தனார். வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். அந்தச் சாத்துகளுக்கு வழித்துணையாக இருந்த தெய்வமே சாத்தன் ஆனான் என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. பின்னால் அவனே ஐயனாராகி, ஊர் எல்லையில் குதிரை சூழ உட்கார்ந்துகொண்டான்.

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் இந்தச் சாத்தனைப் பற்றி ஒரு கதை வருகிறது. புகாரில் மாலதி என்றொருத்தி. மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டும்போது விக்கி, குழந்தை இறந்துவிடுகிறது. ஊரும் கணவனும் நம்ப மாட்டார்களே என்று பதறி, சடலத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக அலைகிறாள். கடைசியாகப் பாசண்டச் சாத்தன் கோயிலில் வந்து விழுகிறாள். அங்கே இடாகினிப் பேய் சடலத்தையும் பறித்துத் தின்றுவிடுகிறது. மனமிரங்கிய சாத்தன் தானே அந்தக் குழந்தையாகி அவள் வழியில் கிடக்கிறான். அவள் எடுத்துப்போய்த் தாயிடம் கொடுக்கிறாள். பிள்ளை வளர்கிறது, படிக்கிறது, பெற்றோரின் காலத்துக்குப் பின் பங்காளி வழக்கைத் தீர்க்கிறது, தேவந்தி என்பவளை மணந்து எட்டு ஆண்டுகள் குடும்பம் நடத்துகிறது. பிறகு ஒருநாள் மனைவிக்குத் தன் சொந்த உருவத்தைக் காட்டிவிட்டு, தீர்த்தயாத்திரை போவதாக ஊருக்குச் சொல்லிக் கிளம்பிவிடுகிறது. கண்ணகிக்குத் தோழியாக வந்து ஆறுதல் சொல்பவள் இந்தத் தேவந்திதான்.

எல்ஃப் கதைகளிலும் இதேபோல ஆள்மாறாட்டம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் மனிதக் குழந்தையைத் திருடிக்கொண்டு தன் நோஞ்சான் குட்டியைப் போட்டுவிட்டுப் போகும். நோய்ப்பட்ட குழந்தையை எல்ஃப் பிள்ளை என்று சந்தேகித்துப் பெற்றோரே வதைத்த கொடுமைகள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி பகுதியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணை அவள் கணவன் எரித்துக் கொன்றான். இவள் என் மனைவியே இல்லை, அவளுக்குப் பதிலாக வந்த மோகினி என்பது அவன் வாதம். அவனுக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. அங்கே மாற்றுப்பிள்ளை என்றால் பீதி. சிலப்பதிகாரத்தில் அது கருணையாக வருகிறது: ஒரு பெண்ணின் பழியைத் துடைக்கத் தெய்வமே பிள்ளையாகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு இளங்கோவின் மேல் மரியாதை கூடத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் சாத்தன், பேய், பூதம் என்ற பெயர்களிலெல்லாம் இழுக்கே கிடையாது. நம் தென்புறநகரின் தாம்பரத்துக்கு வடக்கே மயிலாப்பூரில் பிறந்தவர் பேயாழ்வார். தெற்கே மாமல்லபுரம் என்ற கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் தோன்றியதாகச் சொல்லப்படுபவர் பூதத்தாழ்வார். பேய் ஒரு புறம், பூதம் மறு புறம், இருவருமே ஆழ்வார்கள். அதே மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி சிற்பத்தைப் பார்த்தால், சிங்கத்தின் மேல் வரும் கொற்றவையைச் சூழ்ந்து வாளும் கேடயமுமாக ஓடுவது குள்ளப் பூதகணங்கள்தான். தொந்தியும் குட்டைக் காலுமாக இருந்தாலும் ஓட்டத்தில் ஒரு விறைப்பு. எருமைத்தலை அசுரனின் ஆட்கள் முழு உயரத்தில் பின்வாங்குகிறார்கள், குள்ளர்கள் முன்னேறுகிறார்கள். புகாரின் நாளங்காடியைக் காத்ததும் ஒரு பூதம்தான். சதுக்கத்தில் நின்ற இன்னொன்று பொய்ச்சாட்சி சொன்னவனைப் பாசக்கயிற்றால் கட்டித் தின்றது. கிட்டத்தட்ட அந்நாளைய காவல்துறை.

இங்கிலாந்திலும் பழைய நிலவரம் இதுதான். ஒன்பதாம் நூற்றாண்டின் அரசன் ஆல்ஃபிரட்டின் பெயரில் முதற்பாதி எல்ஃப், பிற்பாதி ஆலோசனை. எல்ஃபின் அறிவுரை பெற்றவன் என்று கொள்ளலாம். பேயென்று அஞ்சிய ஒன்றின் பெயரை அரசகுலத்தார் பிள்ளைக்கு வைப்பார்களா? பிறகு கிறித்தவம் ஊன்றியபோது காட்சி மாறியது. பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃப், எல்ஃபுகளை அரக்கர்களோடு சேர்த்துத் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தில் தள்ளிவிட்டது.

சாத்தனுக்கு வந்த வினை இன்னும் விசித்திரமானது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். விவிலியம் பேசும் தீயசக்தியின் எபிரேயப் பெயர் தமிழ்க் கிறித்தவத்தில் சாத்தான் என்று நிலைத்தது. எல்லைச்சாமியின் பெயருக்கும் அதற்கும் இடையில் ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். இரண்டுக்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் காதில் விழுந்தால் ஒன்றுபோலவே இருக்கும். கேரளத்துக் குட்டிச்சாத்தன் தமிழுக்கு வந்தபோது குட்டிச்சாத்தான் என்று நீண்டதை வெறும் எழுத்துப்பிழை என்று தள்ள முடியாது. இடையில் அந்த விவிலியச் சாத்தான் புகுந்து, பழைய சாத்தனின் முகத்தில் கொம்பு வரைந்துவிட்டான்.

குட்டிச்சாத்தனின் சேட்டைகளை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். கூரை மேல் கல் விழும், சமைத்த சோறு அசுத்தமாகிவிடும். மந்திரவாதி ஏவினால் எதிரியின் வீட்டில் நடக்கும் லீலைகள் இவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் அவர். 1904-ல் ஃபூட்டின் கற்கருவித் தொகுப்பை அந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியதும் அவர் காலத்தில்தான். ஐரோப்பா எல்ஃபின் கைவேலை என்று நம்பிய வகைக் கற்களும், எல்ஃபின் மலையாள ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றிய குறிப்புகளும் எழும்பூரில் ஒரே அதிகாரியின் மேசைக்கு வந்திருக்கின்றன.

தாம்பரத்துக்கு எல்ஃப் வந்தது ரயில் ஏறித்தான் என்று விளையாட்டாகச் சொல்லலாம். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் நகரத்துக்கு வெளியே இடம் தேடியவர்களின் பார்வை தெற்கே திரும்பியது. ஜார்ஜ் டவுன் நெரிசலில் ஒரு நூற்றாண்டு இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் கிழக்குத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு, ஏறத்தாழ 375 ஏக்கர் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயர்த்துக்கொண்டு வந்த முதல்வர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் கற்பித்தவர் என்று அவரை நினைவுகூர்பவர்கள் பலர். அவருடைய முதற்பெயரில் ஒளிந்திருக்கும் எல்ஃபை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

பெயர்ப்பொருத்தத்தோடு விட்டுவிடக்கூடியவர் அல்ல ஹாக். 1938 டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென்று ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், பிற மதங்களுக்கும் கிறித்தவத்துக்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்று வாதிட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் ஹாக் முக்கியமானவர். பிற மதத்தாரின் வழிபாட்டிலும் கடவுளோடு மெய்யான உறவு இருக்க முடியும் என்பது அவர் நிலை. சாத்தனைச் சாத்தானாகப் பார்த்த பழைய மிஷன் கண்ணோட்டத்துக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு எழுந்த இடம் தாம்பரம். இறையியல் படிப்பவர்கள் இன்றும் அந்த விவாதத்தை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

சாத்தனுக்கு மறுவாழ்வு கொடுத்தது இறையியல் அல்ல, சினிமா.

1984 ஆகஸ்டில் வெளிவந்த மை டியர் குட்டிச்சாத்தான், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். தயாரித்தவர் நவோதயா அப்பச்சன், இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ, இசை இளையராஜா. மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தானைப் பிள்ளைகள் சிலர் மீட்டுத் தோழனாக்கிக்கொள்கிறார்கள் என்பது கதை. ஒரு பாட்டில் பிள்ளைகள் தரையில் நடந்து, அப்படியே சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கிவருவார்கள். கணினி வித்தை எதுவும் இல்லாத காலம். இரும்புச் சட்டத்தில் ஓர் அறையையே கட்டி அதை அப்படியே உருட்டினார்கள். கேமரா அறையோடு பூட்டப்பட்டிருந்ததால் அறை சுற்றுவது படத்தில் தெரியாது. அறை சுழலச் சுழல, அடியில் வரும் பக்கத்தில் பிள்ளைகள் நடந்துகொண்டே இருந்தால் போதும். ஃபிரெட் அஸ்டெயர் 1951-ல் ஹாலிவுட்டில் ஆடிக்காட்டிய உத்திதான்.

படம் ஓடிய அரங்குகளில் கண்ணாடி கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகள் சுத்தப்படுத்தப்படுகின்றன என்று நடிகர்களைச் சொல்லவைத்து, படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப்படம் ஓட்ட வேண்டியதாயிற்று. கல்லெறியும் பேர்வழி என்று பெயரெடுத்த குட்டிச்சாத்தன், கண்வலியைப் பரப்பும் பழியையும் கொஞ்ச காலம் சுமந்தான்.

படத்தைத் தயாரித்த அந்த அப்பச்சன்தான் 1995-ல் மேற்குத் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா என்ற கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கினார். குட்டிச்சாத்தானைப் பிள்ளைகளுக்குப் பிடித்தவனாக்கியவர், தாம்பரத்துப் பூங்காவுக்கு வானரர்களின் ஊர்ப் பெயரை வைத்தார். தொண்ணூறுகளில் தென்புறநகரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, விட்டால் கிஷ்கிந்தா. வீட்டில் அம்மா குட்டிச்சாத்தான் என்று திட்டினால் அதில் முக்கால்வாசி கொஞ்சல்தான் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதற்குள் எல்ஃப் என்ற பெயரும் உலகமெங்கும் கடைவிரித்திருந்தது. ஜப்பானில் 1959 முதல் இசுசூ நிறுவனத்தின் சின்ன லாரிக்கு எல்ஃப் என்று பெயர். 1967-ல் பிரான்சில் அதே பெயரில் எண்ணெய் விற்பனை. வானொலிப் பொறியாளருக்கு எல்ஃப் என்றால் நொடிக்கு 3 முதல் 30 முறை வரை அதிரும் மிகத் தாழ்ந்த அலைவரிசை. கொரியப் பாட்டுக்குழுவான சூப்பர் ஜூனியரின் ரசிகர்களும் தங்களை எல்ஃப் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். இவற்றில் பலதும் எழுத்துச் சுருக்கங்கள். பழைய குன்றுவாசிக்கும் இவற்றுக்கும் உறவு பெயரளவில்தான்.

கணினிக்காரர்கள் கதை அப்படியல்ல. அவர்கள் புராணம் தெரிந்தே பெயர் வைத்தவர்கள்.

1867-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு கற்பனைச் சோதனையைச் சொன்னார். இரண்டு அறைகள், நடுவே சின்னக் கதவு. கதவருகே ஒரு குட்டி ஜீவன் உட்கார்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் பிரித்து அனுப்புகிறது. அந்த ஜீவனுக்குப் பின்னர் டீமன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை செய்த கணினிக் குழுவினர், பின்னணியில் ஓசையின்றி ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்களுக்கு அந்தக் குட்டி ஜீவனை நினைத்தே டீமன் என்று பெயரிட்டார்கள். அஞ்சலைச் சேர்ப்பது, அச்சு வரிசையைக் கவனிப்பது போன்ற ஏவல் வேலையெல்லாம் அவற்றுக்கு. யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் எல்லாவற்றிலும் இன்றுவரை அந்தப் பெயர்தான்.

நம் தென்புறநகருக்கும் ஓர் எம்.ஐ.டி. உண்டு. சி. ராஜம் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். பேயா, விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்தடிக்கும் கொலையுதிர் காலத்தை எழுதியவர் இங்கே மின்னணுவியல் படித்தவர் என்பது பொருத்தம்தான்.

1980-களின் இறுதியில் யுனிக்ஸ் கணினிகளுக்காக வகுக்கப்பட்ட ஒரு கோப்பு வடிவத்துக்கு எல்ஃப் என்ற சுருக்கப்பெயர் அமைந்தது. ஒரு நிரல் வட்டிலிருந்து எழுந்து ஓடுவதற்கான ஜாதகக் கட்டு அது: எந்தப் பகுதி நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும், முதல் அடி எங்கிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்ட கோப்பு எதைத் திறந்தாலும் முதல் நான்கு பைட்டுகள் 127, 69, 76, 70. பின் மூன்றும் இ, எல், எஃப் என்ற எழுத்துகளுக்கான எண்கள்; அவை இல்லையென்றால் கணினி அதை ஓட்டாது. பிழை தேடுவதற்கான துணைத் தகவலைச் சேர்த்துவைக்க இன்னொரு வடிவம் வந்தபோது, எல்ஃபுக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று அதற்குக் குள்ளன் என்று பொருள்படும் டுவார்ஃப் என்ற பெயரையே வைத்துவிட்டார்கள். கற்பதுக்கையைக் குள்ளர் வீடு என்ற நம்மூர்க்காரர்களுக்கு இந்த வேடிக்கையை விளக்கவே தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் லினக்ஸும் எல்ஃபுக்கு மாறியது. லினக்ஸின் மேல் கட்டிய ஆண்ட்ராய்டு போன்களிலும் அதே வடிவம்தான்.

2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தபோது அதன் ஒரு கால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையத்தில். மறு கால் சி-டாக்கின் சென்னைப் பிரிவில். அந்த முயற்சியில் பிறந்து 2007-ல் வெளியானது பாஸ் என்ற இந்திய லினக்ஸ். 2011-ல் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. இயந்திரத்தை முடுக்கினால் எது வேண்டும் என்று திரை கேட்கும். பாஸைத் தேர்ந்தெடுத்தால் ஓடுவதெல்லாம் எல்ஃப் கோப்பு. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் எல்ஃபுக்கு அங்கே வேலையில்லை. அந்தப் பக்கத்து நிரல்கள் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அவை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள்.